இழுத்ததற்கும் விட்டதற்கும் நடுவில்: சாகச விளையாட்டுகளில் வில்லும் அம்பும்

#1 கானகன்

தொடர்ந்து மூன்று சாகச விளையாட்டுகளை முடித்தேன். வாள், ஈட்டி, துப்பாக்கி என்று என்னென்னவோ கையில் கொடுத்தார்கள். மூன்றிலும் முக்கால்வாசி நேரம் நான் வில்லோடுதான் திரிந்தேன்.

2013இல் வந்த டூம் ரெய்டரில் ஆரம்பித்த பழக்கம் இது. கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிணத்திடமிருந்து நாயகி லாரா வில்லை எடுக்கிறாள். பசிக்கு ஒரு மானை வீழ்த்துகிறாள். 1996இலிருந்து இரண்டு கைகளிலும் கைத்துப்பாக்கி பிடித்து நின்ற பெண், அந்த ஒரு காட்சியில் வேறு ஆளாகிவிட்டாள். பிறகு அதே விளையாட்டில் ஷாட்கன் வந்தது, இயந்திரத் துப்பாக்கியும் வந்தது. எனக்கு வில் போதுமாக இருந்தது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். துப்பாக்கியில் பொத்தானை அழுத்தினால் சுடும், அவ்வளவுதான். வில்லில் அழுத்தினால் நாண் இழுபடும், விரலை எடுத்தால்தான் அம்பு பாயும். இழுத்ததற்கும் விட்டதற்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் காவலாளி திரும்பலாம், மான் தலையைத் தூக்கலாம், நாமே மனம் மாறி நாணைத் தளர்த்தலாம். வில்லின் சுகமெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அண்மையில் வரும் பல விளையாட்டுகளில் அந்த நேரம் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதுதான் என் கவலை. அம்பு நேர்கோட்டில் போகிறது, கீழே இறங்குவதே இல்லை. நாண் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுபடுகிறது. தூணியில் அம்பு தீர்வதும் இல்லை. பெயர்தான் வில், வேலை சத்தமில்லாத துப்பாக்கியின் வேலை. உங்களுக்கு எந்த விளையாட்டில் வில் வில்லாகவே இருந்தது? எதனால்?

#2 நிழல்நடை

நான் எதிர்க்கட்சி. வில் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது.

2011இல் ஸ்கைரிம் வந்தபோது மந்திரவாதியாக விளையாட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். பத்து மணி நேரத்தில் பதுங்கி எய்பவனாகத்தான் மாறியிருந்தேன். இரண்டாம் முறை கோடரி வீரனாகத் தொடங்கினேன், அப்போதும் அதே முடிவு. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை, அந்த விளையாட்டை ஆடிய பாதிப்பேர் இதே கதையைச் சொல்வார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. மறைந்திருந்து எய்தால் சேதம் 2 மடங்கு. டெட்லி எய்ம் என்ற திறனை எடுத்தால் 3 மடங்கு. எதிரி நெருங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். மிச்சமிருப்பவர்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, பக்கத்தில் தோழன் செத்துக் கிடக்கும்போதே, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பிப் போவார்கள்.

தூரம், மௌனம், பலம் மூன்றும் ஒரே ஆயுதத்துக்குக் கிடைத்துவிட்டால், கிட்டே போய்ச் சண்டை போடுவதற்கு என்ன காரணம் மிச்சம்? உருவாக்கியவர்கள் எவ்வளவோ உழைத்துச் செய்த வாள்சண்டையை நான் பார்க்கவே இல்லை.

#3 மூவிரல்

ஆறு வருடமாக ரீகர்வ் வில்லில் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்தது) பயிற்சி செய்கிறேன். கானகன் சொன்ன அந்த நடு நேரத்தைப் பற்றி நிஜத்தில் எப்படி என்று சொல்கிறேன்.

நாணை முழுதாக இழுத்து, தாடைக்கடியில் கையைப் பொருத்தி நிறுத்தினால், எனக்கு மூன்று நான்கு விநாடிதான் நல்ல நேரம். அதற்கு மேல் முதுகுத் தசை நடுங்க ஆரம்பிக்கும். முன்கை இறங்கும். அப்போது விட்டால் அம்பு எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. அந்த நிலையில் அம்பை விடாமல் நாணை மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதுதான் சரி. புதிதாக வருபவர்களுக்கு மிகக் கடினமான பாடம் இதுதான். இழுத்த பிறகு விடாமல் இருக்க மனம் ஒப்பாது.

விளையாட்டுகளில் காட்டுவாசியின் மரவில்லைக்கூட அரை நிமிடம் இழுத்தபடியே வைத்துக்கொண்டு நடக்கலாம். அப்படி நடந்துகொள்வது காம்பவுண்ட் வில் ஒன்றுதான். அதன் ஓரங்களில் உருளும் சக்கரங்கள், முழுதாக இழுத்த பிறகு கையில் தாங்க வேண்டிய பாரத்தைப் பெருமளவு குறைத்துவிடும். அது 1960களின் கண்டுபிடிப்பு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கதையில் வரும் வில்லும் அதே மாதிரி நடந்துகொள்கிறது.

இன்னொன்று, அம்பின் வேகம். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு. நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர். அம்பு விநாடிக்கு 60 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட 7 மீட்டர் கீழே இழுத்திருக்கும். இரண்டு மாடி உயரம்! அதை ஈடுகட்டத்தான் மேல்நோக்கி எய்கிறோம். அந்த வளைவுதான் வில்லின் அழகு. நேர்கோட்டில் போகும் அம்பைத் திரையில் பார்க்கும்போது எனக்கு ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரியே இருக்கும்.

#4 நிழல்நடை

மூவிரல், நல்ல தகவல். மௌனம் பற்றி? நிஜ வில் விளையாட்டில் வருவதுபோல அவ்வளவு சத்தமில்லாததா?

#5 மூவிரல்

எய்பவனுக்கு மெல்லிய ஒரு அதிர்வு. ஆனால் நாணின் ஒலி அம்பைவிட வேகமாகப் போகும். 50 மீட்டரில் நிற்கும் மானுக்கு ஒலி 0.15 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். அம்பு போக 0.8 விநாடி. மிச்சமிருக்கும் அரை விநாடிக்கு மேற்பட்ட நேரத்தில் மான் உடலைத் தாழ்த்திப் பாயத் தயாராகிவிடும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். வேட்டைக்காரர்கள் கிட்டே போய் எய்வது இதனால்தான். இதை எந்த விளையாட்டாவது சேர்த்தால் நிழல்நடையின் புகாருக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மௌனம் இருக்கும், ஆனால் கிட்டத்தில் மட்டும்தான் பலிக்கும்.

#6 பின்னிரவு_நிரல்

சின்னக் குழுவில் விளையாட்டு உருவாக்குகிறேன். எங்கள் விளையாட்டில் வில்லைச் சேர்க்க நான்கு மாதம் போராடினேன். ஏன் எல்லோரும் அம்பை நேராக விடுகிறார்கள் என்று உள்ளிருந்து சொல்கிறேன்.

முதல் சிக்கல் கேமரா. தோளுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் விளையாட்டில் கிராஸ்ஹேர், அதாவது குறிவைக்கும் அடையாளம், திரையின் நடுவில் இருக்கிறது. அம்போ பாத்திரத்தின் கையிலிருந்து கிளம்புகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. ஆகவே கேமராவிலிருந்து ஒரு கோடு போட்டு, அது எதில் முட்டுகிறதோ அந்த இடத்தை நோக்கி அம்பைத் திருப்பிவிடுவோம். இது நல்ல வழிதான், பாத்திரம் சுவரோரமாக நிற்கும்வரை. அங்கே கிராஸ்ஹேர் எதிரியின் தலையில் இருக்கும், அம்பு பக்கத்துச் சுவரில் குத்தும். ஆடுபவர் விளையாட்டைத்தான் திட்டுவார், நியாயமும் அதுதான்.

இரண்டாவது ஃபிரேம், அதாவது திரையில் மாறிமாறி வரும் ஒவ்வொரு படமும். விநாடிக்கு 60 ஃபிரேம், அம்பின் வேகமும் விநாடிக்கு 60 மீட்டர் என்றால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அம்பு ஒரு மீட்டர் தாவுகிறது. தலை அதைவிடச் சின்னது. இந்த ஃபிரேமில் அம்பு தலைக்கு முன்னால், அடுத்த ஃபிரேமில் தலைக்குப் பின்னால். நடுவில் உள்ள பாதையையும் சேர்த்துச் சோதிக்காவிட்டால் அம்பு ஆவி மாதிரி தலைக்குள் புகுந்து வெளியே போய்விடும். முதல் வாரம் முழுக்க எங்களுக்கு இதுதான் நடந்தது.

மூன்றாவது, மனிதர்கள். மூவிரல் சொன்ன 7 மீட்டர் வளைவை அப்படியே வைத்து நண்பர்களிடம் கொடுத்தோம். ஒருவராலும் ஓடும் எதிரியை அடிக்க முடியவில்லை. நிஜத்தில் தோளும் முதுகும் தூரத்தைச் சொல்லித்தரும். கட்டைவிரலுக்கு அது தெரியாது. வேகத்தை ஏற்றினோம், புவியீர்ப்பைக் குறைத்தோம், தலையின் ஹிட்பாக்ஸை, அதாவது அம்பு பட்டதாகக் கணக்கிடும் பரப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். ஒவ்வொரு படியிலும் அவர்கள் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு படியிலும் கானகன் கவலைப்படுகிற துப்பாக்கியை நோக்கித்தான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வியே.

#7 ஈரத்திரி

சேதக் கணக்கை விட்டு வெளியே வாருங்கள். அம்பு கொல்வதற்கு மட்டும் என்று யார் சொன்னது?

லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1998இல் வந்த தீஃப்: தி டார்க் பிராஜெக்ட். காரெட் திருடன். சண்டையில் தேறாதவன், இரண்டு காவலர்கள் சூழ்ந்தால் கதை முடிந்தது. அவன் தூணியில் இருப்பவை என்னென்ன என்று பாருங்கள். தண்ணீர் அம்பு தீப்பந்தத்தை அணைக்கும், தரையில் சிந்திய இரத்தத்தையும் கழுவும். பாசி அம்பு கல்தரையில் பாசியைப் பரப்பும், அதன்மேல் நடந்தால் காலடி கேட்காது. ஒலி அம்பு வேறு மூலையில் சத்தம் எழுப்பிக் காவலரை இழுக்கும். கயிறு அம்பு மர உத்தரத்தில் குத்தினால் கயிறு தொங்கும், ஏறிப் போகலாம். கல்லில் குத்தாது. ஆகவே ஓர் அறைக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது ஆட்களை அல்ல, கூரை எதனால் ஆனது என்பதை.

அதில் வில் ஒரு நீண்ட கை. எட்டாத இடத்தில் இருக்கும் விளக்கை அணைக்கிற கை. எத்தனையோ இரவுகள் ஒருவர்மேலும் அம்பு படாமல் மாளிகையைக் காலிசெய்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். 2014இல் அதே பெயரில் புதிதாக வந்ததில் கயிறு அம்பை அவர்கள் குறித்துவைத்த இடங்களில் மட்டுமே எய்ய முடியும். அன்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. உத்தரத்தை நானே கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருந்தது.

#8 பழங்கணினி

ஈரத்திரி 1998க்குப் போனார். நான் இன்னும் பின்னால் போகிறேன்.

1973இல் கிரெகரி யோப் எழுதிய ஹன்ட் தி வம்பஸ். படம் கிடையாது, வெறும் எழுத்து. இருபது குகை அறைகள், ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று அறைகளுக்கு வழி. எங்கோ ஓர் அறையில் வம்பஸ் என்ற மிருகம் தூங்குகிறது. உங்களிடம் ஐந்து அம்புகள். அவை வளைந்து செல்லும் அம்புகள்: எந்தெந்த அறை வழியாகப் போக வேண்டும் என்று ஐந்து அறை வரை நீங்களே எண்களைச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அம்பு சுற்றிவந்து உங்களையே கொல்லலாம். குறி தப்பினால் வம்பஸ் விழித்து வேறு அறைக்கு நகரலாம், அது உங்கள் அறையாகவும் இருக்கலாம். ஐந்தும் தீர்ந்தால் தோல்வி.

திரையில் ஒரு கோடுகூட வரையாத விளையாட்டில், கானகன் கேட்கிற எல்லாமே இருக்கிறது. அம்பு எண்ணிக்கைக்கு உட்பட்டது. எய்யும் முன் யோசிக்க வேண்டும். தவறினால் விலை உண்டு. நாணை இழுக்கும் அசைவு இல்லாமலேயே அந்த நடு நேரம் இருக்கிறது. எண்ணை அடித்துவிட்டு, கடைசி விசையைத் தட்டும் முன் கை நிற்கும் அந்த இடம்தான் அது.

#9 பச்சைத்தொப்பி

வம்பஸ் வந்துவிட்டது, இனி ஜெல்டா வராமல் போகுமா?

1986இன் முதல் ஜெல்டாவில் வில் ஒரு நிலவறையில் கிடைக்கும், அம்பைத் தனியாகக் கடையில் வாங்க வேண்டும். அப்புறம் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு ரூபி கழியும். பணப்பைதான் தூணி! காசில்லாவிட்டால் வில் வெறும் கட்டை. கோமா என்ற எதிரியின் கண்ணைத் துளைக்க அம்பு வேண்டும், கடைசியில் வில்லன் கானனை முடிக்க வெள்ளி அம்பு வேண்டும். அதனால் காசை எண்ணி எண்ணி எய்வோம்.

1998இல் ஆக்கரினா ஆஃப் டைம். நாயகன் லிங்க் சிறுவனாக இருக்கும்போது கவண்தான். வளர்ந்த பிறகுதான் வில். ஆள் வளர்ந்துவிட்டான் என்று சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. அதில் நெருப்பு அம்பு கிடைக்கும் விதம் இன்றும் மறக்கவில்லை. நீர்க்கோயிலை முடித்த பிறகு, ஹைலியா ஏரிக்கரையில் விடியும் நேரத்தில் நின்று சூரியனை நோக்கி ஓர் அம்பு விட வேண்டும். அவ்வளவுதான். எதிரி இல்லை, புதிர்ப்பெட்டி இல்லை. உதிக்கும் சூரியனைக் குறிவைக்கிறாய். அந்த வயதில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2017இன் பிரெத் ஆஃப் தி வைல்டில் குதித்துக்கொண்டே நாணை இழுத்தால் காலம் மெதுவாகும், ஆனால் உடல்வலுவின் வட்டம் வேகமாகக் கரையும். மூவிரலின் மூன்று நான்கு விநாடியை அவர்கள் வேறு வழியில் கொண்டுவந்திருக்கிறார்கள் பாருங்கள். மழையில் நெருப்பு அம்பு அணைந்துவிடும். எரிமலைப் பக்கம் வெடி அம்பை வில்லில் பூட்டினாலே கையிலேயே வெடிக்கும். வானிலையைப் பார்த்து அம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023இல் டியர்ஸ் ஆஃப் தி கிங்டத்தில் அம்பின் முனையில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். கீஸ் என்ற வௌவாலின் கண்ணை ஒட்டினால் அம்பு தானே இலக்கைத் தேடிப் போகும். ஒவ்வோர் அம்புக்கும் பட்டியலைத் திறந்து பொருளைத் தேட வேண்டியிருப்பது மட்டும் சலிப்பு. இழுத்த கையோடு கடைவீதியில் நிற்பது மாதிரி இருக்கும்.

ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகப் போனதாக வல்வில் ஓரியைப் பாடியிருக்கிறார்கள். பிரெத் ஆஃப் தி வைல்டில், ஒரே இழுப்பில் மூன்று அம்பு பாயும் ரெவாலி என்ற வீரனின் வில்லை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது.

#10 கானகன்

எல்லோருக்கும் நன்றி. பழங்கணினி சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அசைவு, வளைவு, நாணின் ஒலி இவைதான் முக்கியம் என்று நினைத்திருந்தேன். தவறினால் என்ன ஆகும் என்பதுதான் அதைவிட முக்கியம் போலிருக்கிறது.

நிழல்நடை, உங்கள் புகாரை இப்போது நன்றாகப் புரிந்துகொள்கிறேன். ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஸ்கைரிமில் எதிரிகள் மறந்துவிட்டுத் திரும்பிப் போவதுதான் குற்றம், வில் இல்லை. ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அம்பு வந்த திசைக்கு ஓடி வந்தால் அடுத்த அம்புக்கு நீங்கள் இடம் மாற்றியே ஆக வேண்டும்.

#11 வலதுமணிக்கட்டு

இந்த இழையில் ஒருவரும் சொல்லாத ஒன்று. எனக்கு மணிக்கட்டில் நாள்பட்ட வலி. அழுத்திப் பிடித்துக் காத்திரு, பிறகு விடு என்பதுதான் நீங்கள் கொண்டாடும் அழகு. எனக்கு அதுதான் வேதனை. இரண்டு விரலும் இரண்டு விசையில் இறுகிக்கொண்டிருக்கும்போது பத்தாவது அம்பில் கை மரத்துப்போகும்.

2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில், பிடித்தே இருக்க வேண்டிய பொத்தானை ஒரு தட்டலாக மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். குறிவைக்க ஒருமுறை தட்டினால் போதும். வருடக்கணக்கில் விட்டுவைத்த வில்லை அன்றுதான் மறுபடி எடுத்தேன். புதிய கட்டுப்பாட்டுக் கருவிகளில் விசையே விரலை எதிர்த்துத் தள்ளும், நாணின் இறுக்கம் தெரியும் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் என்ற விளையாட்டில் நான் முதலில் அணைத்தது அதைத்தான்.

சொல்லவருவது இதுதான். உங்கள் நடு நேரம் விரலில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தட்டி இழுத்து, தட்டி விட்டாலும் எனக்குக் காவலாளி திரும்புவாரா என்ற பதற்றம் அப்படியேதான் இருக்கிறது.

#12 பின்னிரவு_நிரல்

வலதுமணிக்கட்டு, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. எங்கள் விளையாட்டில் அந்த வசதி இல்லை. நேற்றே குழுவில் சொல்லிவிட்டேன். இந்த வாரம் சேர்த்துவிடுவோம்.

#13 தொலைமலை

குறிவைப்பதே இல்லாமல் ஒரு விளையாட்டு வில்லை நடுவில் வைத்திருக்கிறது: 2020இன் தி பாத்லெஸ். காற்றில் மிதக்கும் சின்னங்களை நோக்கி அம்பு தானாகவே போகும், தவறாது. சரியான கணத்தில் விடுவது மட்டும்தான் உங்கள் வேலை. ஒவ்வொரு வெற்றிக்கும் ஓட்டம் வேகமெடுக்கும். காட்டு வழியே எய்து எய்து பறப்பதுபோல ஓடலாம். கிராஸ்ஹேரை எடுத்துவிட்டாலும் வில்லின் தாளம் மிச்சமிருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. வலதுமணிக்கட்டு, அதிலும் அழுத்திப் பிடிப்பது நிறைய இருக்கிறது, முதலில் கொஞ்சம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் உண்மையில் பேச வந்தது 2005இன் ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் பற்றி. நாயகன் வாண்டரிடம் ஒரு வாள், ஒரு வில். அம்பு தீராது. ஆனால் மலை அளவு உயிரினத்தின் மேல் அந்த அம்பு ஒரு முள். உயிர் எடுக்காது. அப்புறம் எதற்கு? ஏரிக்கு மேலே சுற்றும் அந்தப் பெரும் பறவையின் மேல் ஓர் அம்பு விட்டால், அது திரும்பி உங்களை நோக்கித் தாழப் பறந்துவரும். கிட்டே வந்ததும் சிறகைப் பிடித்துத் தாவ வேண்டும். மணலுக்குள் நீந்தும் உயிர் குதிரையைத் துரத்தும்போது, ஓடும் குதிரையில் பின்னால் திரும்பி அதன் கண்ணில் எய்ய வேண்டும். அங்கே வில் கூப்பிடும் குரல். சும்மா பறந்துகொண்டிருந்ததை நானே கூப்பிட்டுக் கொன்றேன் என்ற கனம் வெகுநாள் என்னோடு இருந்தது. தூணி நிறைய அம்பு இருந்தும் அது ஒருபோதும் துப்பாக்கியாகவில்லை.

#14 இரும்புமுயல்

அம்பைத் தானே செய்யும் விளையாட்டுகளை விட்டுவிட்டீர்களே! 2017இன் ஹொரைசன் ஜீரோ டானில் நாயகி ஏலாய் சண்டைக்கு நடுவிலேயே மரக்குச்சியும் உலோகத் துண்டும் வைத்து அம்பு செய்துகொள்வாள். அப்போது காலம் மெதுவாகும். குச்சி எங்கும் கிடைப்பதால் சாதாரண அம்புக்குப் பஞ்சமே இல்லை. எனவே அங்கே எண்ணிக்கை முக்கியமில்லை, எங்கே அடிக்கிறோம் என்பது முக்கியம். தண்டர்ஜா என்ற இயந்திர மிருகத்தின் முதுகில் இருக்கும் வட்டு ஏவியைப் பிய்த்தெடுக்கும் அம்பால் கழற்றி, கீழே விழுந்ததை நாமே எடுத்து அதன் மேலேயே சுடலாம். வில் அங்கே கழற்றும் கருவி. எதைக் கழற்றினால் எது செயலிழக்கும் என்று மிருகத்தைச் சுற்றிவந்து படிக்க வேண்டும். அம்பு தீராவிட்டால் வில் துப்பாக்கிதான் என்ற கருத்தை இதனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#15 சாம்பல்கோடரி

வில் நம் கையில் இல்லாத விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இன் காட் ஆஃப் வாரில் நாயகன் கிரேட்டோஸிடம் கோடரி. வில் மகன் அட்ரியஸிடம். நாம் ஒரு பொத்தானை அழுத்தினால் அவன் எய்வான். தொடக்கத்தில் மான் வேட்டையில் அப்பா சொல்லும் முன்பே அவசரப்பட்டு அம்பை விடுகிறான், திட்டு வாங்குகிறான். இழுத்ததற்கும் விட்டதற்கும் நடுவில் காத்திருக்கக் கற்பதுதான் அவனுக்கு அப்பா தரும் முதல் பாடம். கதை போகப்போக அவன் அம்புகள் எதிரியைத் திணறவைக்க ஆரம்பிக்கும், நம் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும்.

பிறகு அவன் நோயில் விழுகிறான். கிரேட்டோஸ் தனியாகப் போகிறான். சண்டையின் நடுவில் பழக்கத்தில் பொத்தானை அழுத்தினேன். எந்த அம்பும் வரவில்லை. நானும் ஒரு தகப்பன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

#16 நிழல்நடை

சாம்பல்கோடரி, இதற்கு என்னிடம் மறுவார்த்தை இல்லை. நாளை அந்த விளையாட்டைத் தொடங்குகிறேன்.

வில் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். விலை எதுவும் கேட்காத வில்தான் கெடுக்கிறது. ரூபியோ உடல்வலுவோ, தவறினால் விழித்துக்கொள்ளும் வம்பஸோ, ஏதாவது ஒன்றைக் கேட்டால் போதும்.

#17 பின்னிரவு_நிரல்

வார இறுதியில் உங்கள் பேச்சையெல்லாம் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். வேகத்தை மறுபடி குறைத்தோம், ஆனால் பாதிதான். வளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. முழுதாக இழுத்து மூன்று விநாடி தாண்டினால் கேமரா லேசாக ஆடும், ஐந்து விநாடியில் நாண் தானே மெதுவாகத் தளரும், அம்பு வீணாகாது. இது மூவிரலின் பாடம். தவறிய அம்பு விழுந்த இடத்திலேயே நிற்கும், போய் எடுக்கலாம். ஹிட்பாக்ஸை மட்டும் பெரிதாகவே விட்டோம், அதில் நான் மனம் மாறவில்லை. தட்டி இழுத்து, தட்டி விடும் வசதியும் சேர்ந்தது.

அதே நண்பர்களிடம் கொடுத்தோம். முன்பு அடிக்க முடியவில்லை என்று சொன்னவர் இந்த முறை பன்னிரண்டு அம்பில் நான்கை அடித்தார். அடிக்காத எட்டையும் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை.

#18 மூவிரல்

அந்த எட்டைத் தேடியது மிகச் சரி. பயிற்சிக் களத்தில் பாதி நேரம் புல்லில் அம்பு தேடுவதில்தான் போகும். எங்கே விழுந்திருக்கும் என்று நடந்து பார்க்கும்போதுதான் எவ்வளவு மேலே எய்தோம் என்பது கண்ணில் பதியும். குறியில்லாமல் எய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் 2018இன் கிங்டம் கம்: டெலிவரன்ஸை எடுங்கள். வில்லை இழுத்தால் கிராஸ்ஹேரே வராது. தொடக்கத்தில் நாயகன் ஹென்றியின் கை ஆடும், பழகப் பழக நிதானமாகும்.

#19 கானகன்

மூவிரல் சொன்னதை இரண்டு மாலை ஆடினேன். முதல் மாலை ஒரு முயல்கூட விழவில்லை. இரண்டாம் மாலை கையின் இருப்பையும் அம்பின் முனையையும் பார்த்து எய்ய ஆரம்பித்தேன். முயல் தாவும் இடத்தை விட்டுவிட்டு, அது நிற்கும் கணத்துக்காக இழுத்தபடி காத்திருந்தேன். ஒன்று விழுந்தது. எழுந்து நின்று அறையில் ஒரு சுற்று நடந்தேன்.

ஈரத்திரி, அடுத்தது தீஃப். முதல்முறை ஆடுகிறேன். தண்ணீர் அம்பை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏதாவது சொல்லுங்கள், கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

#20 ஈரத்திரி

உள்ளே போனதும் எரியும் பந்தங்களை எண்ணுங்கள், பிறகு தூணியில் உள்ளதை எண்ணுங்கள். எல்லாவற்றையும் அணைக்கப் போதாது. காவலர் எந்த வழியாகத் திரும்பி வருகிறார் என்று ஒரு சுற்று முழுதாக நின்று பாருங்கள். அந்த வழியில் உள்ள ஒன்றை மட்டும் அணையுங்கள், மற்றவை எரியட்டும்.